பத்தாம் அத்தியாயத்தில் இறந்தவன்

ஜனவரி 8

அன்புள்ள மகாராணி அக்காவுக்கு,

கொசு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், பெரியம்மாவின் இடது முழங்காலைத் தவிர. அது மாடிப்படியைப் பார்த்தாலே கோபித்துக்கொள்கிறது. "அவகிட்ட சொல்லிடாதடி, வேலைய விட்டுட்டுக் கிளம்பி வந்துருவா" என்றார் பெரியம்மா. ஆகவே சொல்லிவிட்டேன். உன் உடம்பு எப்படி? பல் கட்டும் லேபில் செயற்கைப் பல்லை ராவும்போது பொடி பறக்குமே, மூக்கை மூடிக்கொள்கிறாயா?

இப்போது பெரிய செய்தி. பதிப்பகத்து மேடம் நம் நாவலின் முதல் ஆறு அத்தியாயங்களைப் படித்துவிட்டார். துணிக்கடையில் உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறைக்குள் ஒரு பள்ளிக்கூடப் பெண் நுழைகிறாள். திரையை விலக்கி வெளியே வந்தால் அதே இடத்தில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தையல் கடை. பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பையன் அவளைப் பார்த்ததும் துணிக்குப் பதிலாகத் தன் விரலைத் தைத்துக்கொள்கிறான். "இந்த ஒரு பக்கத்துக்காகவே புக்கு போடலாம்மா" என்றார். பெயர் கேட்காமலே அவன் இவளைச் 'சீருடை' என்றும் இவள் அவனைக் 'காஜா' என்றும் கூப்பிடுவது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம், ஏப்ரல் முடிவுக்குள் வேண்டும். பள்ளி திறக்கும்போது புத்தகம் கடையில் இருக்க வேண்டுமாம். "பிள்ளைங்க சிரிக்கணும். கடைசிப் பக்கத்துல கண்ணு லேசாக் கலங்கணும். அதுக்கு மேல ஒரு சொட்டும் கூடாது." இது அவர் போட்ட நிபந்தனை.

எனக்குக் கை கால் ஓடவில்லை. டிப்போவில் அன்று நான் போட்ட டைம் டேபிளில் ஒரே பஸ் ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலிருந்து கிளம்பியது. அக்கா, அட்டையில் நம் இரண்டு பேரையும் சேர்த்து அச்சடிப்பார்கள். சின்ன வயதிலிருந்து நான் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஏழாம் அத்தியாயம் இத்துடன் வருகிறது. போனில் நீ எட்டாவதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாய், நான் பேச்சை மாற்றினேன். கோபப்படாதே, விதி போட்டது நீ. ஒற்றைப்படை அத்தியாயம், இந்தக் காலம், சீருடை: என்னுடையது. இரட்டைப்படை, அந்தக் காலம், காஜா: உன்னுடையது. போனில் நாவல் பேச்சு கூடாது. தபால் பெட்டியில் போட்டது நடந்தது, அதை யாரும் மாற்றக் கூடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆறாவதில் காஜா கடலை முழுவதையும் உரித்துக் குவித்துவிட்டுப் பிறகுதான் ஒரே வாயாகத் தின்கிறான். இதையெல்லாம் எங்கிருந்து பிடிக்கிறாய்?

முழங்காலுக்கு மருந்து சொல்லி எழுது. உன்னையும் கவனித்துக்கொள்.

உன் காதோரத்துக்
கொசு


ஜனவரி 25

கொசுவே,

உன் மகாராணி நலம். எனக்கு என்ன குறை? அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தனியாக அனுப்பியிருக்கிறேன். தேய்ப்பது உன் பொறுப்பு. தேய்க்கும்போது அம்மா கத்தினால் நன்றாகத் தேய்க்கிறாய் என்று அர்த்தம்.

மேடம் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. போடாவிட்டால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். என் பங்கு நன்றாக இருக்கிறது, உன் பங்கும் பரவாயில்லை.

லேபில் வேலை ஏராளம். போன வாரம் ஒரு பெரியவர் முழு செட்டுக்கு வந்தார். பளபளவென்று இருபது வயதுப் பல்தான் வேண்டும் என்று பிடிவாதம். சில மாதங்களுக்கு முன்பு வந்த எங்கள் நிறக்காரர், பல்லுக்கு நிறம் சேர்ப்பவர், பெரியவரிடம் நிதானமாகச் சொன்னார்: "ஐயா, இருபது வயசுப் பல்ல வெச்சா, உங்க மூஞ்சி அதுக்கு அப்பா மாதிரி தெரியும்." பெரியவர் சிரித்த சிரிப்பில் பழைய பல் கழன்று விழுந்தது. நிறக்காரருக்கு வெளிச்சம் வேண்டுமே என்று சேர்ந்த அன்றே என் ஜன்னலோர மேஜையைக் கொடுத்துவிட்டேன். மெழுகு செதுக்க எனக்கு வெளிச்சம் எதற்கு? பதிலுக்கு, அவர் உரித்துக் குவித்த கடலையை நேற்று அப்படியே அள்ளித் தின்றுவிட்டேன். வேண்டும் அவருக்கு.

எங்கிருந்து பிடிக்கிறேன் என்று கேட்டாயே, எங்கிருந்தும் இல்லை. எல்லாம் கற்பனை. கற்பனை உள்ளவர்களுக்கு அது வரும்.

எட்டாவது இத்துடன். காஜா சொல்ல வருகிறான், சொல்லவில்லை. சொல்ல மாட்டான். சீருடையும் முந்திக்கொள்ளக் கூடாது, சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு கௌரவம் இல்லையா?

எண்ணெயை மறக்காதே. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மகாராணி


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் வந்தது, பெரியம்மா கத்தினார், முழங்கால் தேவலை. இப்போது மாடி ஏறி வந்து எங்களைத் திட்டும் அளவுக்குத் தேவலை. நீ சுகமாக இருக்கிறாய் என்று கடிதத்தின் சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன்.

உன் கற்பனையைப் பாராட்டுகிறேன். என்ன ஒரு கற்பனை, லேபில் உட்கார்ந்து கடலை உரிக்கும் அளவுக்கு! சின்ன வயதில் உன் நாற்காலியில் ஏறிய பூனையைக்கூட இறக்கிவிட்டவள் நீ, இப்போது மேஜையையே கொடுத்துவிட்டாய். இரண்டாம் அத்தியாயத்தில் காஜா வெறும் ஊசியும் நூலுமாக இருந்தான். நான்கிலிருந்து ஆளாகிவிட்டான். எப்போது என்று தேதி பார்த்துச் சொல்லட்டுமா? டைம் டேபிள் போடுவது என் தொழில்.

சரி, நிறுத்திக்கொள்கிறேன். கேட்கவில்லை.

நேற்று ஒரு கண்டக்டர் அண்ணன் சண்டைக்கு வந்தார். ஜங்ஷனுக்கு அவர் பஸ் வரும் நேரத்தில்தான் எதிர்ப் பஸ் கிளம்புகிறது. இறங்குகிறவர்கள் ஓடிப்போய் ஏறுவதற்குள் அது போய்விடுகிறது. "ரெண்டு வண்டியும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே போகுதும்மா. கையாட்டாத கொறதான். நீங்க ஆபீஸ்ல உக்காந்து ஒரு கோடு மாத்துனா என்ன?" மாற்றினேன். காகிதத்தில் எவ்வளவு சுலபம்.

ஒன்பதாவது வருகிறது. சீருடையை நான் முந்திக்கொள்ள விடவில்லை, ஆனால் அவளுக்கு அது தாங்கவில்லை. காலத்தையே தாண்டிப் போகிறவளுக்கு ஒரு வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை என்று அவள் தோழி கிண்டல் செய்கிறாள். தோழி சொல்வது சரி என்று நினைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

கொசு


பிப்ரவரி 28

கொசு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். அம்மாவை மாடி ஏற விடாதே.

ஒன்பதாவது வந்தது. நன்றாக இருக்கிறது. பத்தாவது இன்னும் எழுதவில்லை. வேலை.

மேஜையை மறுபடியும் ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக வருகிறது.

மகாராணி


மார்ச் 16

கொசுவுக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் கேட்காதே.

பத்தாம் அத்தியாயம் இத்துடன். ஒரு பக்கம்தான். காஜா இறந்துவிடுகிறான். காய்ச்சல், மூன்று நாள், முடிந்தது. கடைக்காரர் அவன் நாற்காலியை எடுத்து உள்ளே போடுகிறார். அவ்வளவுதான்.

பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்று மேடம் சொன்னது நினைவிருக்கிறது. எல்லா நேரமும் சிரிக்க முடியாது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டியில் போட்டது நடந்தது.

மகாராணி


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போனில் பெரியம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். பெரியம்மா என்னைப் பார்த்து, "அவ குரலு என்னமோ ரொம்ப சந்தோஷமா இருக்குடி, எனக்கு பயமா இருக்கு" என்கிறார். எனக்கும்தான். போன கடிதத்தில் நிறக்காரர் ஒரு முறைகூட வரவில்லை. கேட்கவில்லை, கவனித்ததைச் சொன்னேன்.

மேடம் டிப்போவுக்கே போன் செய்துவிட்டார். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். உன் பத்தாவதுக்குக் காத்திருக்காமல் பதினொன்றை எழுதிவிட்டேன். நீ பத்தில் என்ன செய்திருந்தாலும் ஒட்டிக்கொள்ளும்படி பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அதிகம் போனால் காஜாவுக்கு ஒரு ஜலதோஷம் கொடுத்திருப்பாய்.

பதினொன்றில் சீருடை திரையைத் தாண்டிப் போகும்போது காஜாவுக்கு வேறு ஊரில் பெரிய கடையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. போகட்டுமா என்று சீருடையைக் கேட்கிறான். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "போ, நல்ல சான்ஸ்" என்கிறாள். உள்ளே அழுகிறாள் என்று நான் எழுதவில்லை, அது சிரிப்பிலேயே தெரிகிறது. அவன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாசலில் திரும்பி நின்று சொல்கிறான்: "போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தப் பெட்டியக் கட்டியிருக்கவே மாட்டேன்."

இந்த வரியை நான் யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. பேனாவை அங்கேயே வைத்துவிட்டேன். பன்னிரண்டு உன் கையில்.

இன்றே பெட்டியில் போடுகிறேன்.

கொசு


மார்ச் 23

யார் சொன்னது உனக்கு?

லேபுக்குப் போன் செய்தாயா? இங்கே யாருடன் பேசினாய்? அவரிடமேவா?

பிப்ரவரியில் கிளம்பினார். வேறு ஊரில் பெரிய லேப், தனி அறை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மெழுகுத் தட்டைக் கொடுக்கும் சாக்கில் என்னிடம் வந்து, "போகட்டுமா?" என்று கேட்டார். "போங்க, நல்ல சான்ஸ்" என்றேன். நீ எழுதியிருக்கிறாயே, அப்படித்தான் சிரித்தேன். வழியனுப்ப லேபில் எல்லோரும் போனோம். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக அவர் என்னிடம் சொன்னது நீ எழுதியிருக்கும் அதே வார்த்தை. பெட்டி உட்பட.

ஒரு மனிதருக்கும் நான் சொல்லவில்லை. அதை எடுத்துப் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் போட்டிருக்கிறாய்.

பதில் எழுது.


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை.

யாரும் சொல்லவில்லை. பெரியம்மா மேல் ஆணை வைக்கலாம்தான், ஆனால் நீ அவரைக் கூப்பிட்டு விசாரிப்பாய். நான் யாரோடும் பேசவில்லை. நிறக்காரரின் குரல் உயரமா தாழ்வா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் காஜாவை எனக்குத் தெரியும். நான்கு அத்தியாயங்களாக அவன் எப்படி நிற்பான், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான், மனதில் இருப்பதை எப்போது ஒரு நிமிஷம் தாமதமாகச் சொல்வான் என்று நீ எழுதியிருக்கிறாய். அவனைப் பெட்டியோடு வாசலில் நிறுத்தியதும் அவனால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. அந்த வரியை எழுதியது நான் என்றே எனக்குத் தோன்றவில்லை. நீ அவ்வளவு சரியாகப் பார்த்து வைத்திருக்கிறாய், அக்கா.

ஒரு வரி வேண்டாமென்றால் அடித்துவிடுவேன். முழு நாவலும் வேண்டாமென்றாலும் மேடத்திடம் நானே சொல்லிக்கொள்வேன். அட்டையில் பெயர் வராவிட்டால் சில நாள் சாப்பாடு இறங்காது, பிறகு இறங்கிவிடும்.

ஆனால் நாவல் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு தபாலும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன. உன் பத்தாவதில் காஜா செத்துவிட்டான். என் பதினொன்றில் பெட்டி கட்டுகிறான். விதிப்படி இரண்டும் நடந்தது. செத்தவன் வேலை மாறிப் போகும் முதல் நாவல் நம்முடையதாகத்தான் இருக்கும்.

மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நீ எழுதிய அந்த ஒரு பக்கத்தில் நாற்காலியை உள்ளே எடுத்துப் போடும் இடம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. நடந்ததை மாற்றக் கூடாது என்றுதான் நம் விதி. நடந்ததற்கு முன்னால் போகக் கூடாது என்று விதி இல்லை. காலத்தைத் தாண்டும் கதையில் அப்படி ஒரு விதி போட்டிருந்தால் நம்மைவிட முட்டாள்கள் இருக்க மாட்டார்கள். பெட்டி கட்டியது காய்ச்சலுக்கு முன்னால் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் வரட்டும். அதற்கு முந்திய நாளுக்குச் சீருடை போகலாம். திரை இருக்கிறது.

நமக்கு வெளியே அந்தத் திரை இல்லை. பிப்ரவரிக்குப் போக முடியாது. ஆனால் வெளியே யாரும் சாகவும் இல்லையே, அக்கா. காய்ச்சலும் இல்லை, நாற்காலியை எடுத்து உள்ளே போடவும் இல்லை. ஒருவர் வேறு ஊருக்குப் போயிருக்கிறார். கதையில் செத்தவனிடம் போகத்தான் மாயத் திரை வேண்டும். உயிரோடு இருப்பவரிடம் போக ஒரு பஸ் போதும். இதைத் தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

இதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை. பன்னிரண்டாவதை நான் எழுத மாட்டேன். மேடம் என் காலில் விழுந்தாலும் மாட்டேன். அது உன் முறை.

கொசு


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பெரியம்மா மாடியில் துணி காயப்போடுகிறார், தடுத்தால் அடிக்க வருகிறார். உன் மௌனம் மட்டும் நீளமாக இருக்கிறது. தொந்தரவு செய்ய இந்தக் கடிதம் இல்லை. மேடத்தோடு நடந்த பேச்சை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

"கடைசி அத்தியாயம் எங்கம்மா?"

"இன்னும் வரல மேடம்."

"அந்தப் பொண்ணு அவன்கிட்டப் போய்ச் சேர்ந்தாளா இல்லையா? அதையாவது சொல்லுங்க. படம் வரைய ஆள் காத்திருக்கார்."

"தெரியல மேடம்."

"நீங்கதானே எழுதுறீங்க?"

"பாதிதான் மேடம்."

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு பதில் கேட்டதில்லம்மா" என்றார். மே பதினைந்து வரைக்கும் பார்ப்பாராம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறொரு புத்தகம் போய்விடும். நமக்கு அடுத்த வருஷமாவது இடம் உண்டா என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அப்படி இருக்க வேண்டும் என்பது தவிர வேறு அவசரம் இல்லை.

கொசு


மே 9

என் அருமைக் கொசுவுக்கு,

உன் மகாராணி நலம். இந்த முறை நிஜமாகவே நலம். வேறு ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து ஆடினால் பெஞ்சைத் திட்டு.

உன் மார்ச் கடிதத்தை ஒரு மாதம் பையிலேயே வைத்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று லேபில் லீவு சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். யோசித்தால் இறங்கிவிடுவேன் என்று தெரிந்ததால் ஜன்னல் சீட்டில் உள்பக்கமாக மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு அம்மா பெரிய மூட்டையோடு. அவரைத் தாண்டி யாராலும் இறங்கியிருக்க முடியாது.

அந்த லேபில் பல் நிறம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. நானும் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. அவர் நிறம் ஒப்பிட வரிசையாக மாதிரிப் பல் குத்திய அட்டையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல், "கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"சிரிக்க வரல. பேசத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அட்டை கீழே விழுந்தது. பல்லெல்லாம் தரையில். இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ரெண்டரை மாசம் லேட்டு."

"நான் லேட்டு இல்ல. பஸ் லேட்டு."

"ரெண்டரை மாசமாவா?"

"வழியில வண்டி நின்னுடுச்சு. தள்ளிக்கிட்டு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நான் பொறுக்கிய பல்லை எண்ண ஆரம்பித்துவிட்டேன். நான், கொசுவே, வீட்டில் ஏழு பேரை அடக்கி ஆள்கிறவள்! பிறகு சொல்லிவிட்டேன். "நீங்க போனது எனக்குப் பிடிக்கல. அப்பவே பிடிக்கல." இவ்வளவுதான். முழங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்தபடி, கையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பல்லை வைத்துக்கொண்டு.

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் வரிசையில் இருந்த ஒரு அக்கா, "தம்பி, ஆமாவா இல்லையான்னு சட்டுனு சொல்லிருங்க. நான் ஆபீசுக்குப் பர்மிஷன் போட்டு வந்திருக்கேன்" என்றார்.

"ஆமாங்க" என்றார். அந்த அக்காவைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து இன்னொரு முறை.

வருஷ முடிவு வரை அவர் இங்கே வேலை செய்து கொடுத்தாக வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறார், மீறச் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் வீட்டுக்கு வருவார். அதுவரை அம்மாவிடம் மூச்சு விடாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். மதியம் பையில் இருந்த நகலை, பதினோரு அத்தியாயங்களையும், அவரிடம் கொடுத்தேன். பத்தாவதை முடித்துவிட்டுப் பின்பக்கத்தில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் பெரிய வியாதியாக் குடுத்திருக்கலாம். மூணு நாள் காய்ச்சல்ல போற அளவுக்கா நான் நோஞ்சானா இருக்கேன்?" என்றார். கற்பனை என்று சொன்னேன். நம்பவில்லை. உன்னை மாதிரியே.

பன்னிரண்டாம் அத்தியாயம் இத்துடன். நீ சொன்ன வழியில்தான் எழுதினேன். காய்ச்சலுக்கு முந்திய நாள். சீருடை திரையை விலக்கிக்கொண்டு வருகிறாள், கடை நிறைய ஆட்கள், அவள் எதையும் பார்க்காமல் அவனிடம் போய்ச் சொல்கிறாள். சொன்ன பிறகு என்ன ஆகிறது என்பதற்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொல்வது மட்டும் ஒரே வரி. மேடம் அதை நீட்டச் சொல்வார், கண் கலங்குகிற மாதிரி நாலு வரி சேர்க்கச் சொல்வார். ஒத்துக்கொள்ளாதே. போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அது ஒரு வரிதான்.

பஸ் வந்துவிட்டது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
மகாராணி